பெயர் கேட்கமாட்டார்கள்

தண்டர் பே
ஜனவரி 14, புதன்

அன்பு மருமகள் ஐலாவுக்கு,

இப்படித்தான் நடக்கும் என்று நான் டிசம்பரிலேயே சொன்னேன். உன் அம்மாவிடம் கேட்டுப் பார். நேற்று செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு வெர்னன் வந்துவிட்டான். தானியக் கிடங்கில் என்னோடு இருபது வருஷம் வேலை பார்த்த அதே வெர்னன்தான். மகன் இறந்ததிலிருந்து ஒன்றரை வருஷமாக யார் வாசலையும் மிதிக்காதவன்.

யாரால் வந்தான்? உறவை இழந்து மனம் தளர்ந்தவர்களுக்கு நடத்தும் இந்தக் கூட்டத்துக்காக நீ முதலில் எழுதிய இணையப் பக்கத்தில் என்ன இருந்தது? 'பங்கேற்பாளர் தகுதி மதிப்பீட்டுப் படிவம்.' அதைப் படித்தால் நல்ல மனசுக்கே நோய் வந்துவிடும். அப்போதே சொன்னேன்: வண்டிக்குள் உட்கார்ந்து போனைப் பார்க்கிறவனுக்கு எந்தக் கதவு, உள்ளே என்ன கேட்பார்கள், எப்போது நழுவலாம் என்ற மூன்றும்தான் வேண்டும். வாராவாரம் போய் வருகிறவன் என்ற முறையில் நானே வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தேன். 'கர்லிங் விளையாட்டுக் கிளப்பின் பின்பக்கக் கதவு. மாடியில் காபி இருக்கும். பெயர் கேட்கமாட்டார்கள். பேச வேண்டியதில்லை.' எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதிய வரிகள். ஊரே அதைப் பற்றித்தான் பேசுகிறது.

வெர்னன் படியேறுவதை என் கண்ணாலேயே பார்த்தேன். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போனான்.

பாசமுள்ள மாமா,
ரெய்னோ


வினிபெக்
ஜனவரி 15

அன்பு மாமாவுக்கு,

போனில் பேசினால் ஏதாவது கதை சொல்லி மழுப்பிவிடுவீர்கள். அதனால் மின்னஞ்சலிலேயே பதில் எழுதுகிறேன்.

கூட்டத்தை நடத்தும் கொரீன் காலையில் அழைத்தார். வெர்னன் உள்ளே நான்கு நிமிஷம்தான் இருந்தாராம். எப்போதும்போல வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லியிருக்கிறார்கள். அவர் முறை வந்ததும் கொரீன், "உங்க பேர் என்னங்க?" என்றிருக்கிறார். "கேக்க மாட்டாங்கன்னு போட்டிருந்துச்சே" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார். அவரை அடையாளம் கண்ட ஒருவர் அழைத்தும் அன்றிலிருந்து போனை எடுக்கவில்லையாம். வாசல் பனியும் அள்ளாமல் கிடக்கிறதாம்.

கூட்டம் தொடங்கிய நாளிலிருந்து பெயர் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்கள் என்கிறார் கொரீன். அப்படியானால் நீங்கள் சொன்னது என்ன? அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போட்டது என் தவறு. உள்ளே போனவர் சொல்கிறாரே என்று நம்பினேன். இந்த மாதிரிப் பக்கத்தில் ஒரு வரி என்பது ஒரு வாக்கு, மாமா. துணிச்சலை எல்லாம் ஒன்றுதிரட்டி வந்தவரிடம் நாம் அந்த வாக்கை மீறிவிட்டோம்.

பக்கத்தை எடுத்துவிட்டேன். தயவுசெய்து அவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

ஐலா


தண்டர் பே
ஜனவரி 16

அன்பு மருமகளுக்கு,

நீ ஏன் இப்படிப் பதறுகிறாய்? என்னிடம் யாரும் பெயர் கேட்கவில்லை. ஏன் கேட்கப் போகிறார்கள்? இந்த ஊரில் ரெய்னோவைத் தெரியாதவன் உண்டா? நான் நுழைந்தால் கொரீனே எழுந்து நாற்காலி போடுவாள். உலகத்தில் எல்லோரும் என்னைப் போலப் பிரபலமாக இருக்கமாட்டார்கள் என்பதை மறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

வெர்னன் வீட்டுக்கும் போனேன். கதவைத் தட்டினேன். திரை அசைந்தது. ஆள் இருக்கிறான். ஆனால் திறக்கவில்லை. இருபது நிமிஷம் நின்றேன். இந்தக் குளிரில் வேறு ஒருவனாக இருந்தால் மூக்கு உதிர்ந்திருக்கும். நாளை மறுபடி போகிறேன்.

ரெய்னோ


வினிபெக்
ஜனவரி 16, மாலை

மாமாவுக்கு,

வெர்னனுக்கு நடந்தது என் பக்கத்தால் என்பதால்தான் கொரீன் என்னிடம் சொன்னார். மற்றபடி யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று அவர் யாரிடமும் சொல்லமாட்டார். நானும் கேட்கவில்லை. அதனால் உங்களிடமே கேட்கிறேன்: நீங்கள் உண்மையில் அங்கே போகிறீர்களா? அத்தை இறந்த பிறகு நீங்கள் அங்கே போய் உட்காருகிறீர்கள் என்றுதான் அம்மா இத்தனை வாரமும் நிம்மதியாகத் தூங்கினார். செவ்வாய்க்குள் அந்தப் பக்கத்தை மறுபடி போடவேண்டும். இந்த முறை நடப்பது மட்டும்தான் அதில் இருக்கும்.

ஐலா


தண்டர் பே
ஜனவரி 17

அன்பு ஐலாவுக்கு,

இன்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். தட்டவில்லை. வாசல் பனியை அள்ளத் தொடங்கினேன். பாதி முடிந்தபோது கதவு திறந்தது.

"யாருடா என் பனிய திருடுறது?"

"திருடலடா. உன் மூஞ்சிய பாக்க வழி வெட்டுறேன்."

"உள்ள வந்து தொல. சூடெல்லாம் வெளிய போகுது."

தாடி வளர்ந்திருக்கிறது. மகனுடைய சட்டையைப் போட்டிருந்தான். காபி கொடுத்தான், சர்க்கரை இல்லாமல். நானும் சர்க்கரை கேட்கவில்லை. அந்தப் பக்கத்தை எழுதியது நான்தான் என்று சொன்னேன்.

"நீ அங்க போறியா?"

"பதினோரு வாரமா போறேன்."

"எங்க உக்காருவ?"

"கதவுகிட்ட."

"கதவுகிட்ட கொரீன்ல உக்காந்திருந்தா. எப்பவும் அவ எடந்தான்னு சொன்னாளே."

ஐலா, நான் காபியை ஒரே மடக்காகக் குடித்தேன். அவன் சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"அங்க வந்து நிக்கிற பச்ச வண்டி உன்னோடதா?"

"ஆமா."

"நானும் நாலு வாரமா எதுத்தாப்புல நிறுத்திட்டு உக்காந்திருந்தேன். யாரோ ஒரு கிறுக்கன் இன்ஜின் போட்டுட்டு பெட்ரோல கொளுத்துறான்னு நெனச்சேன்." பிறகு, "செவ்வாக்கெழம என் வீட்டு வழியா வா. ஒரே வண்டியில போவோம். பேர் கேட்டா நீ மொதல்ல சொல்லு" என்றான்.

சரி என்றேன். முடியுமா என்று தெரியவில்லை. இதைக் கூட்டிச் சொல்லவில்லை.

பக்கத்தில் வட்டத்தைப் பற்றி எழுது. பெயர் சொல்வார்கள் என்று முதல் வரியிலேயே போடு. மற்றதைக் கொரீனிடம் கேள், என்னிடம் கேட்காதே. பின்பக்கக் கதவு உண்மை. மேலே ஜன்னலில் விளக்கு எரிவதும், நடுவில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்பதும் உண்மை. பதினோரு செவ்வாய்க்கிழமையும் என் வண்டி அங்கே நின்றது; கடைசி வாரம் மட்டும் வெர்னன் படியேறியதும் கிளம்பிவிட்டேன். நான் அதிலிருந்து இறங்கினேன் என்பது மட்டும் நானாகச் சேர்த்தது.

மாமா