க்ளென் அண்ணனின் பேட்டரி கார்

காக்ஸ் டவுன்,
12.8.2003

அன்புள்ள ஜெயா,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? தாரணிக்குச் சளி விட்டதா?

எனக்கு மாடியறை கொடுத்த க்ளென் அண்ணன் இறந்து ஒரு மாதமாகிறது. பழைய ஃபியட்டின் இன்ஜினைக் கழற்றிவிட்டு, மோட்டாரும் பேட்டரியும் தானே பொருத்தி ஓட்டியவர். அவரைப் போலவே பேட்டரி கார் வைத்திருக்கும் நண்பர்கள் அதைப் பார்க்கக் கேட்டதால், ஞாயிறன்று அவர்கள் கூடும் கப்பன் பார்க்குக்கு நான் ஓட்டிப் போனேன். திரும்பியபோது, ஹாரன் அடிக்கும் முன்பே அவர் மனைவி பெர்னதெத் அக்கா கேட்டைத் திறந்து நின்றார்.

"வண்டியில சத்தமே வராதே, எப்படிக்கா தெரிஞ்சுது?"

"தெரியல தம்பி. அவர் வர்ற நேரத்துக்குத் தினமும் திறந்து பாக்கறேன். வந்தாலும் சத்தம் கேக்காதில்ல?"

இதையெல்லாம் எழுதுகிறேனே என்று பயப்படாதே, எனக்கு ஒன்றுமில்லை. தாரணி பாடுவதைக் கேசட்டில் பதிந்து அனுப்பு. முடிந்தால் நீயும் அவளும் வந்துவிடுங்கள். கரண்ட் வந்துவிட்டது, வண்டிக்குச் சார்ஜ் போடச் சொல்லி அக்கா கூப்பிடுகிறார்.

உன்,
சிவசங்கரன்