தட்டிவிட்டு நின்றவன்

பெருநாளுக்கு வெள்ளையடிக்கலாமென்று ஒட்டடைக்கம்பை எடுத்தேன். நம் மகள் குறுக்கே வந்து நின்றாள். "அடிக்காதீங்க அத்தா. எட்டுகாலிக்குக் கல்யாணம் நடக்குது."

மலையாளப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, சிலந்தி என்று வாயில் வராது. அடுப்படி ஜன்னலுக்கு வெளியே வலை. நடுவில் மஞ்சள் பட்டை போட்ட பெண் சிலந்தி. ஓரத்தில் மிளகளவு ஆண், ஒரு நூலைச் சுண்டுவதும் நிற்பதுமாக இருந்தது. எனக்கு நீ சிரிப்பது கேட்டது.

இவள் உன் வயிற்றில் இருந்தபோது, அதே ஜன்னலில் நீதானே காட்டினாய். எமர்ஜென்சி சமயம். மட்டாஞ்சேரி மிளகுக் கிட்டங்கியில் எனக்கு வேலை. அந்தத் தூசியோடு வந்தால் உனக்குத் தும்மல் நிற்காது. அதனால் கதவை இரண்டு விரலால் தட்டிவிட்டுப் படியிலேயே நிற்பேன். "தூசியத் தட்டுங்க" என்று உள்ளிருந்து குரல் வரும். சட்டையை உதறிய பிறகுதான் தாழ்ப்பாள் திறக்கும்.

"அவனப் பாருங்க, உங்கள மாதிரியே. தட்டிட்டு, உள்ள வரலாமான்னு நிக்குறான்."

"நான் பயந்தா நிக்குறேன்?"

"பின்னே?"

மறுநாள் அவனைக் காணவில்லை. எங்கே என்றேன். முக்காட்டு நுனியால் வாயைத் துடைத்துக் காட்டினாய்.

பிறகு அவள் வலையோரம் முட்டைகளைப் பட்டுப் பையாகக் கட்டினாள். நாளாக நாளாகச் சுருங்கினாள். ஒரு காலையில் பை மட்டும் தொங்கியது.

"தாயில்லாம குஞ்சு பொழைக்குமா?"

எட்டாம் வகுப்புப் பண்டிதன் நான். "அதெல்லாம் காத்துல நூல் விட்டுப் பறந்துரும் புள்ள."

நீ சிரிக்கவில்லை. "பறக்கட்டும். அதுவரைக்கும் யாராச்சும் பக்கத்துல நிக்கணும்" என்றாய்.

பிரசவத்துக்குப் போன நீ திரும்பவில்லை. பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு நான் மட்டும் வந்தேன். ஜன்னலில் பை பிரிந்திருந்தது. கடுகைவிடச் சிறிய குஞ்சுகள். பக்கத்து வீட்டுச் சேச்சி "குஞ்ஞினெ இங்ஙோட்டு தா" என்று கை நீட்டினார். கொடுக்கவில்லை. கடைசிக் குஞ்சு நூல் விட்டுப் போகும்வரை, பிள்ளையோடு அங்கேயே நின்றேன்.

கம்பைச் சுவரில் சாய்த்தேன்.

"அவ அவனத் தின்னுருவாளா அத்தா?"

"சில நேரம் தப்பிச்சுருவான்."

"தப்பிச்சு என்ன செய்வான்?"



இப்போது துணிக்கடையில் வேலை. சட்டையில் தூசி கிடையாது. மத்தியானச் சோற்றுக்கு வரும்போது மகள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள், சாவி என் பையில் இருக்கும். ஆனாலும் தட்டிவிட்டுப் படியில் நிற்கிறேன். உன் குரல் வந்த பிறகு சட்டையை உதறுகிறேன்.