கேடயம் வாங்க ஒரு ஆள் வேண்டும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். இங்கே என் சர்க்கரையும் மூக்குக்கண்ணாடிக் கடை வாடகையும் வழக்கம்போல ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன, உன் அம்மா அவை இரண்டையும் தாண்டி மேலே ஏறிவிட்டாள், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். போனில் உன்னிடம் இதைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். கடிதம் எழுதக் கூடாது என்று மட்டும் சொல்லவில்லை, இந்த மனுஷன் எங்கே பேனாவைத் தேடப் போகிறார் என்று நினைத்திருப்பாள். என்னைப் பற்றி அவள் போடும் கணக்கு எப்போதுமே கொஞ்சம் குறைச்சல்தான்.

விஷயம் இதுதான். டிரைவிங் ஸ்கூலை விற்று ஒரு குட்டி விமானத்தில் பாதிப் பங்கு வாங்கினாளே, மீதிப் பாதி பல் டாக்டருடையது, அந்த விமானத்தில் இரண்டு பேரும் மாறி மாறி ஊரைச் சுற்றி வட்டமடித்துக்கொண்டிருந்தார்கள். அதோடு விட்டார்களா, பறக்கும் கிளப்பின் தலைவர் சோபாக் கடைக்காரருக்குத் திடீரென்று உலக சமாதானத்தின்மேல் அக்கறை வந்துவிட்டது. மூன்று விமானங்கள் கடல் தாண்டிப் பல நாடுகளுக்குப் போய் நல்லெண்ணத்தை வளர்த்துவிட்டு வரப் போகின்றன. நாட்டுக்கு நாடு நட்பாம். பங்கு விமானம் உன் அம்மாவுக்கு, கிளப்பின் மற்ற இரண்டில் ஒன்று சோபாக்காரருக்கு, ஒன்று பல் டாக்டருக்கு. சோபாக்காரரும் பல் டாக்டரும் கார் நிறுத்தும் இடத்துக்காகச் சண்டை போட்டு ஆறு மாதமாக முகம் பார்த்துப் பேசுவதில்லை. மேலே போனால் மட்டும் ரேடியோவில் பேசிக்கொள்கிறார்கள், அதுவும் பேசாவிட்டால் உரிமம் போய்விடும் என்பதால். விமானம் என்றதும் நீ பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாதே. இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார இடம், மூக்கில் ஒரு விசிறி, கதவைச் சாத்தினால் நம் பழைய பீரோவின் சத்தம். கண் பரிசோதனையை நான்தான் செய்து அனுப்பினேன், தூரத்தில் இருப்பதெல்லாம் பிசகில்லாமல் தெரிகிறது, பக்கத்தில் இருப்பதைப் பார்க்கத்தான் கண்ணாடி வேண்டும் என்று சீட்டில் எழுதினேன். அதை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

போன வாரம் எடை போட்டார்கள். இத்தனை சின்ன விமானத்துக்கு எடைதான் உயிர், ஒரு பெட்டி கூடினாலும் அது தரையை விட்டுக் கிளம்ப யோசிக்கும். சோபாக் கடையின் பின்பக்கம், பார்சல் நிறுக்கும் எந்திரத்தின்மேல் ஒவ்வொருவராக ஏற்றி நிறுத்தினார்கள். சோபாக்காரர் செருப்பைக் கழற்றினார், பெல்ட்டைக் கழற்றினார், கைக்கடிகாரத்தைக் கழற்றினார், அதற்குமேல் எதையும் கழற்ற வேண்டாம் என்று பல் டாக்டர் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார், ஆறு மாதத்தில் தரையில் வைத்து அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். உன் அம்மா பக்கத்து சீட்டில் நான் போவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் கொடுப்பதற்கு நட்பின் அடையாளமாக வெண்கலக் கேடயம் செய்து அடுக்கியிருக்கிறார்கள், நானும் கேடயங்களும் சேர்ந்து ஏறினால் விமானம் எழும்பாது என்று தெரிந்தது. ஓட்டெடுப்பு நடத்தினார்கள், கேடயம் ஜெயித்தது, உன் அம்மாவும் கேடயத்துக்குத்தான் கை தூக்கினாள். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளூர நிம்மதிதான், ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டவே எனக்குத் தலை சுற்றும். உன் சித்திதான் வந்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு, அக்கா திரும்பி வராவிட்டால் தையல் மெஷின் யாருக்கு என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இனிதான் நீ உட்கார்ந்து படிக்க வேண்டியது. பாதை போட நம் சாப்பாட்டு மேஜையில்தான் வரைபடத்தை விரித்தார்கள். கடலைத் தாண்டியதும் பெட்ரோல் போட ஓர் இடத்தில் இறங்கியாக வேண்டும். ஒரு ஊரில் மேயர் வரவேற்பு, விருந்து, இலவச ஓட்டல் எல்லாம் உண்டு, அதுதான் நேர்வழியும்கூட. உன் அம்மா அது வேண்டாம் என்றாள். காற்று சரியில்லை என்றாள், ஓடுபாதையில் பறவைத் தொல்லை என்றாள், அரை மணி நேரம் அம்புக்குறி போட்டுப் பாடம் நடத்தினாள், வரைபடத்தின் ஓரத்தில் இருந்த ஒரு சின்ன விமானத் திடலில்தான் இறங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அது உன் ஊர். விருந்தை விட்டுவிட்டு இரண்டு ஆண்பிள்ளைகளும் தலையாட்டிவிட்டார்கள் என்றால் எப்படிக் காதில் பூச்சுற்றியிருப்பாள் என்று பார்த்துக்கொள். சோபாக்காரர் உன் கல்யாணத்துக்கு வந்தவர்தான், ஆனால் அவருக்குச் சாப்பாடுதான் ஞாபகம் இருக்கிறதே தவிர நீ எந்த ஊருக்குப் போனாய் என்பது இல்லை. நான் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சொன்ன தேதிக்கு மூன்று வாரம் முந்தியே குட்டி பிறந்துவிட்டான், அன்றைக்கு அவள் உரிமப் பரீட்சைக்காகத் தன்னந்தனியாக மேலே இருந்தாள், இறங்கி வந்து போனைப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உன்னிடம் வர டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள் என்று நான் சொன்னால் கட்சி கட்டுகிறேன் என்பாய், அதனால் சொல்லவில்லை. நீ அன்று, விமானம் ஓட்டக் கத்துக்கிட்ட, பெத்த பொண்ணுகிட்ட வந்து சேரத் தெரியல, இனிமே வரவே வராதன்னு போனில் கத்தினாய். வலியில் இருந்த பெண் சொன்னது, உன்மேல் தப்பே இல்லை. ஆனால் அவள் அதைக் கோர்ட்டு உத்தரவு மாதிரி எடுத்துக்கொண்டாள். இரண்டு வருஷமாகிறது. நான் குளிக்கப் போகும்போது என் போனை எடுத்து நீ அனுப்பும் படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள், எனக்குத் தெரியாது என்று நினைப்பு. நானும் அரை மணி நேரம் குளிக்கிறேன். இந்த வீட்டில் தண்ணீர் பில் எகிறுவதற்கு உன் மகன்தான் பொறுப்பு.

உன் ஊர்த் திடலுக்குக் கிளப்பிலிருந்து எழுதிக் கேட்டார்கள். வரவேற்க இங்கே யாரும் கிடையாது, பெட்ரோல் போடுகிறவர் ஒருவர் இருப்பார், சொன்னால் கை தட்டுவார் என்று பதில் வந்தது. சோபாக்காரர் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார், கேடயம் வாங்க ஆள் இல்லாவிட்டால் போட்டோ ஏது. அந்த ஊரில் எனக்குத் தெரிந்த பெரிய மனுஷி ஒருவர் இருக்கிறார், அவரை வரச் சொல்கிறேன் என்று நான் வாயை விட்டுவிட்டேன். அந்தப் பெரிய மனுஷி நீதான். நிகழ்ச்சி நிரலில் முக்கியப் பிரமுகர் என்று அடித்தும் விட்டார்கள். உன் அம்மாவுக்கு இது தெரியாது, நிரலில் அவள் படிப்பது வானிலை மட்டும்தான். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை மத்தியானம் வாக்கில் வந்து இறங்குவார்கள், பெட்ரோல் போட்டதும் கிளம்பிவிடுவார்கள், நீ போகாவிட்டால் அவளாக உனக்குப் போன் பண்ணப் போவதில்லை, உன் ஊர் வரைக்கும் வந்து உன்னைப் பார்க்காமலே மறுபடி ஏறிவிடுவாள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அந்தக் கட்டம் முழுக்கக் கடல், இருப்பதோ ஒரே எஞ்சின். உனக்குப் பயமாக இல்லையா என்று நேற்று கேட்டேன். கடலைப் பத்தியெல்லாம் ஒண்ணும் பயமில்லங்க, எறங்குன பிறகுதான் என்றாள். அவள் பயம் என்று ஒன்றைச் சொல்லி நான் கேட்டதே இல்லை, அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நீ மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, பேசக்கூட வேண்டாம், வந்து கேடயத்தை வாங்கிக்கொள், பேச்சு தானாக வந்தால் வரட்டும். மாப்பிள்ளையை வண்டி எடுக்கச் சொல், கடிதம் வந்ததை அவரிடம் மறைக்காதே. குட்டிக்குக் காதில் பஞ்சு வை, சத்தம் அதிகம். அவன் நிறையப் பேசியும் குறைவாகக் காய்ச்சல் வந்தும் வளரட்டும், உங்கள் வீட்டுச் சண்டைகள் சாயங்காலத்துக்குள் முடியட்டும், மூன்று பேருக்கும் என் ஆசி. மறக்காமல் இருக்க இன்னும் ஒன்று. விசிறி முழுசாக நிற்கும்வரை கிட்டே போகாதே. நின்ற பிறகும் அவள் உடனே இறங்கமாட்டாள். கண்ணாடியைத் துடைப்பாள், பெல்ட்டை மடிப்பாள், உன்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருப்பாள். திமிர் என்று நினைத்து வண்டிக்குத் திரும்பிவிடாதே. ஓட்டும்போது ஒன்றும் இல்லை, ஆனால் நாலு மணி நேரம் அந்த இடுக்கில் இருந்தால் வலது முட்டி பிடித்துக்கொள்ளும், யாராவது கை கொடுக்காமல் அவளால் எழுந்திருக்க முடியாது. கிளப்பில் ஒருவருக்கும் தெரியாது, இங்கே எப்போதும் நான்தான் போய் இறக்குவேன். மற்ற ஊர்களில் எப்படியோ சமாளித்துக்கொள்ளட்டும். உன் ஊரில் நீ கை கொடு.

இப்படிக்கு,
உன் அப்பா