செம்பு வாங்கிய வாரம்

மார்ச் 4
பஸ்ஸில் இன்றைய பாட்காஸ்ட் பேட்டி: விதிகளை எழுதி கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட்டு அதன் பக்கமே போகாத ட்ரேடர். நானும் அப்படித்தான் ஒரு ப்ரோகிராம் ஓட்டுகிறேன். சரக்குச் சந்தையில் விலை ஏறினால் வாங்கும், இறங்கினால் சிறு நஷ்டத்தோடு விற்றுவிடும். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான் பில் போடும்போது அது தன் வேலையைப் பார்க்கும். அண்ணன் வீட்டு ஹால் சோபாவில் எத்தனை காலம்தான் படுப்பது?

மார்ச் 7
ப்ரோகிராமுக்கு மறுபடி நஷ்டம். இன்று பாட்காஸ்டில் பேசிய ட்ரேடரோ விதி, கம்ப்யூட்டர் எதையும் நம்பாதவர். விலை வரைபடத்தைப் பார்த்தால் எது ஏறும் என்று மூக்கு சொல்லுமாம். என் மூக்குக்குத் தெரிந்ததெல்லாம் அண்ணி பாலை அடிபிடிக்க விட்டது மட்டும்தான்.

மார்ச் 10
தெருமுனைத் தையல்கார அக்கா வாடகைக்கு விடும் மாடி அறையைப் பார்த்தேன். உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது! மாதக் கடைசிக்குள் அட்வான்ஸ் கேட்கிறார். கையில் இருக்கிறது. மேலே கொஞ்சம் சேர்ந்தால் கட்டிலும் வாங்கலாம்.

மார்ச் 13
"செம்பு விலை இப்பதான் கிளம்புது, நான் நிறைய வாங்கிட்டேன்" என்றார் மூக்குக்காரர், இன்றைய பேட்டியில். ப்ரோகிராமை நிறுத்திவிட்டு அட்வான்ஸ் பணத்தில் நானே செம்பு வாங்கினேன்.

மார்ச் 14
இறங்குகிறது.

மார்ச் 18
இன்னும் இறங்குகிறது. விற்றால் அறை போச்சு, விற்காவிட்டால் எல்லாமே போச்சு. வேலையிடத்துக் கழிப்பறையில் போய்ப் போய் போனைப் பார்க்கிறேன். "மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றாள் அண்ணி. தலைவலி என்றேன்.

ஆறுதலுக்கு அதே பேட்டியைத் திரும்பப் போட்டேன். பஸ் பயணம் சின்னது என்று ஆரம்ப அரட்டையை எப்போதும் தாண்டிவிடுவேன். இன்று கேட்டேன். "வெளியே கொட்டுற மழையில எப்படி வந்து சேர்ந்தீங்க?" என்கிறார் பேட்டி எடுப்பவர்.

மழையா? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. எப்போதோ பதிவு செய்த பேச்சு! நான் வாங்கிய அன்று அந்த ஆள் விற்று முடித்து வீட்டில் தூங்கியிருப்பார். அடி முட்டாளே, அடி முட்டாளே!

மார்ச் 19
விற்றேன். அட்வான்ஸ் கொடுக்கும் அளவுக்கு மிஞ்சவில்லை.

மார்ச் 22
அண்ணியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மிச்சப் பணத்தில் ப்ரோகிராம் மறுபடி ஓடுகிறது. "அதை நிறுத்துற பாஸ்வேர்டை மாத்தி நீங்களே வெச்சுக்கோங்க அண்ணி. நான் கேட்டாலும் சொல்லாதீங்க."
"எனக்கு இதெல்லாம் என்னடி தெரியும்?"
"தெரியாத ஆள்தான் வேணும்."
எந்த வீட்டை விட்டுப் போகத் துடித்தேனோ, அந்த வீட்டுக்காரியிடமே பாஸ்வேர்டைக் கொடுத்தாயிற்று.

மார்ச் 29
தையல்கார அக்கா போன் செய்தார். அறைக்கு வேறு ஆள் வந்துவிட்டதாம்.

ப்ரோகிராமுக்கும் இன்று சிறு நஷ்டம். அதை நிறுத்தக் கை பரபரத்தது. சமையலறை வாசலில் நின்று பாஸ்வேர்டைக் கேட்டுக் கெஞ்சினேன். "முடியாது, போடி" என்றாள் அண்ணி, வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமலே. அப்படியொரு கோபம் வந்தது.

ஹாலுக்கு வந்தால், பெட்டியிலேயே கிடந்த என் துணிகள் அலமாரியில் மடித்து அடுக்கியிருக்கின்றன. ஒரு தட்டு முழுவதையும் எனக்காகக் காலி செய்திருக்கிறாள்.