எதிர்க்கடைக்குப் போன தம்ரூட்

2007 ஜூன், வியாழன் இரவு.

மகன் ரியாஸ் பெங்களூரிலிருந்து பேசினான். அவன் கம்பெனி கம்ப்யூட்டர் செய்து விற்கிறது. இணையம் பார்க்கிற பிரவுசரை இதுவரை தங்கள் கம்ப்யூட்டருக்கு மட்டும் தந்தவர்கள், இனிமேல் போட்டிக் கம்பெனி கம்ப்யூட்டருக்கும் இலவசமாகத் தரப்போகிறார்களாம்.

"நம்ம சரக்கை எதிராளி வீட்டுல கொண்டுபோய் எதுக்குடா வைக்கணும்?"

"கூட்டம் அங்கதானே அத்தா இருக்கு. பிரவுசர் பிடிச்சுப்போனா, நாளைக்கு நம்ம கம்ப்யூட்டரையும் வந்து பாப்பாங்க."

அது மனதில் நின்றுவிட்டது. நீடாமங்கலத்தில் பஸ் எல்லாம் என் மிட்டாய்க்கடைக்கு எதிரே, கணேசன் மிட்டாய்க்கடை வாசலில்தான் நிற்கிறது. துபாய்க்குக் கிளம்புகிற நம் பிள்ளைகள்கூட அங்கேயே வாங்கிக்கொண்டு ஏறிவிடுகிறார்கள்.

மறுநாள் மாலை, என் மனைவி மெஹர் ரவையும் முட்டையும் சேர்த்துச் சுட்ட தம்ரூட்டை ஒரு தட்டில் அடுக்கி, எங்கள் கடைப் பெயரைச் சீட்டில் எழுதிச் செருகி, ரோட்டைக் கடந்தேன். கணேசன் சிரித்தார். "வைங்க பாய்" என்று முன்வரிசையிலேயே இடம் ஒதுக்கினார்.

கடை அடைக்கும் நேரம் அவரே தட்டைக் கொண்டுவந்தார். தம்ரூட் தீர்ந்திருந்தது. தட்டு நிறைய அவர் கடை அசோகா அல்வா.

"வெறுந்தட்டா எப்படிக் குடுக்கிறது பாய்? நீங்களும் உங்க கடையில முன்வரிசையிலயே வைங்க."

வைக்காமல் முடியாது. ரியாஸ் இந்தப் பக்கத்தைச் சொல்லவே இல்லை.

வீட்டுக்குக் கொஞ்சம் எடுத்துவந்தேன். மெஹர் ஒரு வாய் தின்றாள். உடனே இன்னொரு வாய் எடுத்தாள்.

"நாளைக்கும் தட்டு அனுப்புவீங்கதானே?" என்றாள்.

அனுப்புவேன் என்றேன். தம்ரூட் போவதற்காகவா, அல்வா வருவதற்காகவா என்று நான் கேட்கவில்லை.