முள்ளிக்கரிசலில் தனித்திருந்த பூதியும் கருவயிற்றுச் செம்மறியும்

நலம் பெருகுக. மருதவெளி நாடாளும் கோ நெடுங்கண்வேள், கரிசற்சீமைக்குப் புதிதாகக் காவல் பூண்ட தித்தன் கிழாருக்கு விடுக்கும் ஓலை. உம் எல்லையில் மழை பொய்யாதிருக்க. உம் வாயிலுக்கு வந்தவர் முகம் வாடாதிருக்க.

உம் காவலுக்குட்பட்ட முள்ளிக்கரிசலில் பூதி என்னும் ஆய்மகள் ஒருத்தி தனியே வாழ்கிறாள். நம் அரசு மந்தைகளை மேற்பார்க்கும் மந்தைநாயகம் ஓரியார் அவளை நேரில் கண்டு வந்து உரைத்ததை, நீர் அறிந்து நடக்கும்பொருட்டு எழுதுவிக்கிறோம்.

அவள் காப்பது கருவயிற்றுச் செம்மறி. முதுகு செம்மண் நிறம். தாடை தொடங்கி வால்வரை அடிப்புறம் முழுதும் கருமை. கம்பளிக்கு ஆகும் மயிர் அதற்கில்லை. கறிக்கென்றே அவள் முன்னோர் வளர்த்த இனம். உடைமரத்து நெற்றைத் தின்று, இரண்டு நாளுக்கு ஒருமுறை நீர் குடித்து, கல்லாங்காட்டில் காதவழி மேய்ந்து திரியும். அதனால் கொழுப்பு மெலிந்து, இழை நெருங்கி, வெறும் உப்பும் மிளகும் இட்டு வேகவைத்தாலே மணக்கும் கறி அது.

மூன்று கோடைக்கு முன், வடபுலத்துப் பருத்த கிடாய்களோடு கலந்தால் கறி பெருகும் என்று சிலர் சொல்ல, முள்ளிக்கரிசல் மந்தைகளையெல்லாம் ஆற்றுப்புறத்துக்கு ஓட்டிவர ஆணையிட்டோம். ஆயர்கள் குடிபெயர்ந்தார்கள். பூதியின் கணவன் சேந்தனும் போனான். நிறைசினை ஆடுகள் நெடுவழி தாங்கா என்று இருபத்தேழு ஆடுகளோடும் இரு கிடாய்களோடும் அவள் மட்டும் பின்தங்கினாள். ஈற்று முடிந்ததும் வந்து சேர்வதாகச் சொல்லியனுப்பினாள்.

ஆற்றுச்சேற்றில் அவ்வாடுகளுக்குக் குளம்பு அழுகிற்று. ஒரே கார்காலத்தில் மந்தைகள் மடிந்தன. சேந்தனும் குளிர்சுரத்தில் இறந்தான். ஆயர்கள் நாணித் திரும்பாமல் அங்கேயே ஏர்பிடித்தார்கள். கணவன் இறந்த செய்தியே ஐந்து திங்கள் கழித்து வழிப்போக்கர் வாயிலாகத்தான் பூதிக்கு எட்டியது. அதன்பின் அவள் வேறு மனிதக் குரல் கேட்டதில்லை.

இவ்வாண்டுக் கோடையில் ஆறும் வற்றி வடபுல ஆடுகள் நீரின்றிச் சுருண்டு விழவே, பழைய இனம் எஞ்சியிருந்தால் கொண்டுவருக என்று ஓரியாரை அனுப்பினோம். பரிவாரத்தைக் கண்டதும் பூதி வரவேற்க வாய் திறந்தாளாம். சொல் எழவில்லை, ஆடுகளைக் கூப்பிடும் ஒலிதான் எழுந்ததாம். ஆடுகள் அத்தனையும் ஓடிவந்து அவளைச் சூழ்ந்துகொள்ள, அவள் வெட்கி முகத்தை மூடிக்கொண்டாளாம்.

மறுநாள் பேச்சு திரும்பிற்று. பின் நிற்கவேயில்லை. ஒவ்வோர் ஆட்டின் தாயையும், தாயின் தாயையும், ஏழு தலைமுறை வரை பெயர் சொல்லி உரைத்தாள். மூத்த கிடாய் போன கோடையில் இறந்ததையும், பழைய இரண்டில் எஞ்சியது ஒன்றே என்பதையும் சொன்னாள். ஓரியார் நம் ஆணையை எடுத்துரைத்தபோது அவள் அழவுமில்லை, எதிர்க்கவுமில்லை. ஈரநிலத்துக்குக் கொண்டுபோய் நோகவிடுவதைவிட இங்கேயே அறுத்து உப்புக்கண்டமாக எடுத்துச் செல்வது அரசருக்கும் பயன், ஆடுகளுக்கும் வேதனை குறைவு என்று மட்டும் சொல்லி, தானே கத்தியைக் கொணர்ந்து அவர்முன் வைத்தாள்.

ஓரியார் கத்தியைத் தொடாமல், ஒரு குட்டியைக்கூடக் கைக்கொள்ளாமல் புறப்பட்டார். ஆணை மீறியதற்குத் தண்டம் ஏற்பதாக நம்முன் நின்றார். தண்டத்துக்குரியது நம் ஆணையே.

அங்கிருந்து புறப்படுகையில் ஓரியார் அவளிடம் வேண்டுவது என்னவென்று கேட்டாராம். பூதி, வந்தவர்களில் யாரேனும் ஒருவர் இன்னும் ஒரு பகல் இருந்து போகலாமா, வேலை ஏதும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும் என்றாளாம். எவரும் இசையவில்லை.

ஆதலால் ஆணை: கருவயிற்றுச் செம்மறி முள்ளிக்கரிசலை விட்டு ஓட்டப்படலாகாது. திரும்ப விரும்பும் ஆயர்குடிகளை நீரே அழைத்துக் குடியமர்த்துக. அவர்கள் வந்து சேரும்வரை திங்கள்தோறும் ஓர் ஆளை அங்கே அனுப்புக. அவர் எவராயினும் சென்ற அன்றே திரும்பலாகாது. முதலில் செல்பவர் நீராக இருப்பீராக.

நம் கைச்சாத்தும் ஏறுமுத்திரையும் இட்டோம். சொல் நிலைக்க.