மேற்கு வரிசைக்கு ரெண்டாம் பந்தி

மார்ச் பதினேழு, செவ்வாய், காலை ஆறு இருபது. கிணத்துக்கடவில் உங்கள் தோட்டம். தக்காளிச் செடிகள் நாற்பது. நாற்பதும் உயிரோடு இருக்கின்றன.

கேட்டால் சந்தோஷப்பட மாட்டீர்கள். பாதி வாடியிருக்க வேண்டும். நீங்கள் குறித்த நாளிலேயே உங்கள் அம்மா தண்ணீரை நிறுத்திவிட்டார். செடிக்கு நீர் தேடித் தரும் வேர்ப்பூஞ்சை கொடுத்த கிழக்கு வரிசை நிமிர்ந்தும், கொடுக்காத மேற்கு வரிசை தலை தொங்கியும் நின்றால்தான், வறட்சியைத் தாங்க வைத்தது உங்கள் பூஞ்சை என்று சொல்ல முடியும். எல்லாமே நிமிர்ந்து நின்றால் ஒன்றும் சொல்ல முடியாது. மண்ணில் ஈரம் இருந்திருக்கும் என்பார்கள்.

இன்னொரு முறை எண்ணிவிட்டு மோட்டார் ரூம் பக்கம் போனேன். பூஞ்சை மண் வைத்திருந்த சாக்கு துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. சோப்புக்கு அடியில் பழைய வாசம் இன்னும் போகவில்லை. காரமடைப் பக்கம் வெள்வேல மரத்தடியில் நாம் தோண்டிய, இந்தப் பூஞ்சை கிடைத்த மண்ணின் வாசம். சுற்றிலும் புல் கருகிக் கிடக்க, அந்த ஒரு மரத்தடி மட்டும் பச்சையாக இருந்தது. நான் வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஆடு மேய்த்த காட்டுக்காரரிடம் போய், “ஏனுங்க, ரெண்டு கை மண்ணு எடுத்துக்கட்டுங்களா?” என்றீர்கள். தின்னவா போறீங்க என்று அவர் கேட்டார்.

நமக்கு ஒரே வயது. இருந்தும் ஒருவருக்கொருவர் ‘ங்க’ போட்டதால் ஆய்வகமே நம்மை மாப்பிள்ளை, மச்சான் என்று கிண்டல் செய்தது. பூஞ்சைக்கும் ‘ங்க’ போட்டவர் நீங்கள் ஒருவர்தான். சாயம் ஏற்றிய வேரில் நீலக் கிளைகள் தெரிந்தால், “வந்துட்டாங்க” என்பீர்கள். பூஞ்சைக்கு எதுக்குங்க மரியாதை என்று கேட்டால், சோறு போடறவங்களாச்சே என்பீர்கள்.

நாற்று நட்ட அன்றுதான் வினை ஆரம்பித்தது. மேற்கு வரிசைக்கு ஏன் போடவில்லை என்று அம்மா கேட்டார். அது வாடணும், செத்தாலும் நல்லதுதானுங்க என்று நான் வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அம்மாவின் முகம் சுருங்கியது. ஒரே பந்தியில ஓரவஞ்சனையா என்றார். நீங்கள் சிரித்தீர்கள்.

“அதுக ரெண்டாம் பந்தி, அம்மா. முதல்ல இவங்க உண்டு எந்திரிக்கட்டும்.”

ஒப்பிட்டுப் பார்க்கச் சும்மா விடும் கண்ட்ரோலுக்குத் தமிழ் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று ரயிலில் போத்தனூர் வரை உங்களைக் கேலி செய்துகொண்டே வந்தேன். அடுத்த மாதம் உங்களுக்கு மூன்று நாள் காய்ச்சல். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

இன்று காலை சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

“காரியம் முடிஞ்ச மறுநாளே சாக்குல மிச்சமிருந்த மண்ண மேக்கால போட்டுட்டேன் கண்ணு. ரெண்டாம் பந்தின்னு சொல்லிப்போட்டுப் போயிட்டான். அதுக பாட்டுக்குக் காத்துட்டு நிக்குதுக. இனி யாரு பரிமாறுவா?”

வாய் வரை எல்லாம் வந்தது. மாதக் கடைசியில் அறிக்கை கொடுக்க வேண்டும். முடிவு இல்லையென்றால், ஆய்வகத்தில் நீங்கள் பூஞ்சை வளர்த்த சட்டிகளை எறிந்துவிட்டு அலமாரியைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். உயிருள்ள வேர் இல்லாமல் அந்தப் பூஞ்சை வளராது. சட்டி போனால் அதுவும் போயிற்று. அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். செடி நல்லா வந்திருக்குதுங்க அம்மா என்று மட்டும் சொன்னேன். அது பொய் இல்லை.

இப்போது ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறேன். சலித்துவிட்டதுங்க. மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும். மேற்கு வரிசையில் ஒரு செடியைப் பிடுங்கி ஈரத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். நுண்ணோக்கியில் என்ன தெரியும் என்று பார்க்காமலே சொல்வேன். வந்திருப்பாங்க.

இனி செய்ய வேண்டியவை:

1. முடிவு இல்லை என்று உள்ளபடி எழுதுவது. கண்ட்ரோலுக்கும் பூஞ்சை இடப்பட்டுவிட்டது, அதுதான் காரணம். யார் இட்டது என்பது அறிக்கைக்குத் தேவையில்லை.

2. எறியப்போகும் சட்டிகளைக் கேட்டு வாங்கி, போத்தனூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வைப்பது.

3. அதே தோட்டத்தில் மறுபடி நாற்பது நாற்று.

4. நடும் அன்றே, ரெண்டாம் பந்திக்கு என்றைக்கு இலை போடுவது என்று அம்மாவிடம் நாள் சொல்லிவிடுவது. அன்றைக்கு நானே வந்து பரிமாறுவது.